ஹைபிரிட் காரும் ஒரு கோழி வண்டியும்

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி யாராவது கேட்டால் திணறிப்போவேன். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்று கேட்டுப் பாருங்கள், "அது வந்துங்க..." என்று இழுப்பேன். இத்தனைக்கும் இருபது வருடமாக அதுதான் என் சோறு. ஆனால் அரைகுறையாகத் தெரிந்த விஷயம் என்றால் போதும். நிறுத்த ஆள் கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு ஹைபிரிட் காரைப் பழசாக வாங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கார்தான் என் பேச்சு. திருப்பூர் பல்லடம் ரோட்டில் குழந்தைகள் டி-சர்ட் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. நாற்பது டெய்லர்கள். அந்த நாற்பது பேருக்கும் ஹைபிரிட் என்றால் என்ன என்று தனித்தனியாக விளக்கியிருக்கிறேன். (டீ கொண்டு வருபவருக்கு இரண்டு தடவை.) வண்டி பாதி நேரம் பேட்டரியில் ஓடும், பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், எது எப்போது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையே முக்கால் மணி நேரம் பேசுவேன்.

பெட்ரோல் மிச்சமாகிறதே என்ற பெருமையில் இன்னொரு காரியமும் செய்தேன். யூனிட்டுக்கென்று இருந்த ஆட்டோவை நிறுத்திவிட்டு, வெட்டிய துணி மூட்டைகளைக் காரின் பின் சீட்டிலேயே ஏற்ற ஆரம்பித்தேன். என் மனைவி பூங்கொடிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, காருன்னா மனுசரு உக்கார்றதுக்குத் தானுங்க?"

"உனக்குத் தெரியாது பூங்கொடி. இது எடை தாங்கற மாதிரியே டிசைன் பண்ணுனது" என்றேன். யார் டிசைன் செய்தது, எவ்வளவு தாங்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் ஆடிட் வந்தது.

நாங்கள் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறோம். அவர்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர், தைக்கும் சின்ன யூனிட்டுகளையும் நேரில் பார்த்து ஓகே சொன்னால்தான் அடுத்த சீசன் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். பார்க்க வருபவர் ஜெபராணி மேடம், சென்னையிலிருந்து. காலை விமானத்தில் வந்து சாயங்கால விமானத்தில் திரும்புகிறார். அன்றைக்குப் பார்க்க முடியாமல் போனால் எங்கள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். நாற்பது டெய்லருக்கும் அடுத்த சீசன் வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்த ஒரு மதியத்தில்தான் இருந்தது.

அன்று காலை பார்த்து அவர் சொல்லி வைத்திருந்த டாக்சி வரவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு போன் போட்டிருக்கிறார், அவர்கள் எனக்குப் போட்டார்கள். நான் அப்போது சாமளாபுரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். "பத்து நிமிசத்துல அங்க இருப்பனுங்க" என்றேன். பூங்கொடி போனில், "மூட்டையை எறக்கி வச்சுட்டுப் போங்க" என்று கத்தினாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நிஜக் காரணம் அதுவல்ல. பையர்கள் இப்போதெல்லாம் சுற்றுச்சூழல், பசுமை என்றுதான் பேசுகிறார்கள். ஹைபிரிட் காரில் வந்து இறங்கும் ஜாப் ஒர்க் முதலாளி திருப்பூரில் எத்தனை பேர்? ஆடிட்டில் பாதி பாஸ் அங்கேயே ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஜெபராணி மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். காட்டன் சேலை, தோளில் ஒரு கனத்த பை, சிரிக்காத முகம். பின் சீட்டில் கூரை வரைக்கும் மூட்டை இருந்ததால் முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது.

"பின்னால என்ன சார்?"

"சேம்பிளுங்க மேடம்."

"இவ்வளவுமா?"

நான் ஏ.சி.யைக் கூட்டி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். சூலூர் தாண்டும் வரை ஹைபிரிட்டைப் பற்றிச் சொன்னேன். சத்தமே இல்லை பாருங்கள் என்றேன். பேட்டரியும் பெட்ரோலும் புருசன் பெண்டாட்டி மாதிரி, ஒருத்தர் களைத்தால் இன்னொருத்தர் தூக்கிக்கொள்வார் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பேட்டரி எங்க சார் இருக்கு?"

"முன்னாலதானுங்க, பானெட்டுக்குள்ள" என்றேன், கண்ணிமைக்காமல்.

காரணம்பேட்டை தாண்டியதும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. கூடவே ஆங்கிலத்தில் இரண்டு வரி. சித்திரை வெயில், வெளியே தார் ரோடே உருகிக்கொண்டிருந்தது. நான் அந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை.

"என்னமோ வருதே சார்?"

"சர்வீசு தேதியை ஞாபகப்படுத்துதுங்க. புத்திசாலி வண்டிங்க மேடம்."

புத்திசாலி வண்டி அடுத்த நிமிடம் ஏ.சி.யை நிறுத்தியது. அதற்கடுத்த நிமிடம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்றது. பிறகு நடு ரோட்டில் நின்றேவிட்டது. பின்னால் பல்லடம் போகும் தனியார் பஸ். நம் ஊர் தனியார் பஸ்ஸின் ஹாரன் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குதித்து ஓடி வந்தார்.

"ஏனுங்க, டைமிங் போகுதுங்க! ஓரங்கட்டுங்க!"

"ஹைபிரிட்டுங்க. கொஞ்சம் யோசிக்குது" என்றேன்.

கண்டக்டர் என்னையே ஒரு விநாடி பார்த்தார். பிறகு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, "நாலு பேர் எறங்கி வாங்கப்பா, வண்டி யோசிக்குதாமா" என்றார். நாலு பேருக்குப் பதிலாக ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் தள்ள, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஆடிட்டர் மேடம் ரோட்டோரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வர, என் கார் ஒரு புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. தள்ளியவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்ல வண்டிங்க, சத்தமே இல்லை" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித் தடியாக வயர்கள். பேட்டரி எது என்றே தெரியவில்லை. இருந்தாலும் தலையை உள்ளே விட்டு, "ஃபியூசாத்தானுங்க இருக்கும்" என்றேன். அதுவரை பொறுமையாக இருந்த ஜெபராணி மேடத்துக்கு அப்போதுதான் ஆபீஸ் தமிழ் கைவிட்டுப்போய் திருநெல்வேலி வந்தது.

"சார், ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லவே தெரியாதா?"

நான் பானெட்டை மூடினேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மணி பன்னிரண்டரை. யூனிட் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போன் போட்ட எந்த டாக்சியும் ஒரு மணி நேரத்துக்குள் வராது என்றார்கள்.

அப்போது ஒரு மினி லாரி எங்களைத் தாண்டிப் போய், நின்று, ரிவர்ஸில் வந்தது. கோயமுத்தூர் கடைகளுக்குக் கோழி இறக்கிவிட்டு, காலிக் கூண்டுகளோடு பல்லடத்துப் பண்ணைக்குத் திரும்பும் வண்டி. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"வண்டி நின்னு போச்சுங்ளா? அம்மா வெயில்ல நிக்கறாங்க பாருங்க. ஏறுங்க, நான் கொண்டுபோய் உடறேன்."

முன்னால் டிரைவரும் இன்னொருவரும் உட்காரத்தான் இடம். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். வெளிநாட்டு பையரின் பிரதிநிதியைக் கோழி வண்டியில் ஏறச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவர் என்னைக் கேட்கவே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் கூண்டுகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். காலியான கூண்டுகள்தான். கோழிகள் விட்டுவிட்டுப் போன மற்றவை எல்லாம் இருந்தன.

யூனிட் வாசலில் பூங்கொடி ஒரு மாதமாகத் திட்டமிட்ட வரவேற்பு தயாராக இருந்தது. டெய்லர்கள் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் கையில் பூங்கொத்து. சத்தமில்லாத வெள்ளைக் கார் வந்து நிற்கும் என்று எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழி வண்டி வந்து நின்றதும் வாட்ச்மேன் ஓடி வந்து, "இங்க நிறுத்தாதீங்க, ஆடிட்டரு வர்ற நேரம்" என்று விரட்டினார். முன் கதவைத் திறந்து ஆடிட்டரே இறங்கினார். பின்னாலிருந்து நான் குதித்தேன், தலை முழுக்க இறகு.

பூங்கொடி என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். பிறகு பூங்கொத்தை வாங்கி மேடத்திடம் நீட்டிவிட்டு, "மொதல்ல மூஞ்சி கழுவிக்கிறீங்களாங்க? தண்ணி வச்சிருக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஹைபிரிட்டில் ஆரம்பித்திருப்பேன்.

வாசலில் நாங்கள் புதிதாக ஒட்டியிருந்த 'சுத்தமே நம் முதல் வேலை' என்ற போஸ்டரை மேடம் நின்று படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். டெய்லர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆடிட் முழுக்கப் பூங்கொடிதான் கூடப் போனாள். (என்னைக் குளிக்க அனுப்பிவிட்டாள்.) நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மேடம் முதலுதவிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே பூங்கொடி பெட்டியைத் திறந்து, "இந்தக் களிம்பு போன மாசமே தேதி முடிஞ்சுபோச்சுங்க. மாத்தாம விட்டது எந் தப்பு" என்று எடுத்து வெளியே வைத்தாள். போச்சு, ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

பின்பக்கத்து அவசர வழிக்குப் போனதும் அவர் நின்றுவிட்டார். கதவுக்கு முன்னால் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அடுக்கியது நான்தான், முந்தின நாள் சாயங்காலம். இப்போது எடுத்துவிடுவோம் மேடம், தற்காலிகமாகத்தான் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா பொழைக்க வந்து இதே ஊர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாத்தவ சார். எனக்கு அப்ப எட்டு வயசு. ஒருநாள் கரண்ட் பெட்டியில புகை வந்திருக்கு. எல்லாரும் பின்வாசலுக்கு ஓடியிருக்காவ. வாசல்ல மூட்டை. மாடியிலருந்து குதிச்சா. உசுரு தப்பிச்சா, ஆனா இன்னைக்கும் நொண்டித்தான் நடக்கா."

மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நானே குனிந்து முதல் மூட்டையைத் தூக்கினேன். டெய்லர்கள் எழுந்து வந்தார்கள். பத்து நிமிடத்தில் வழி சுத்தமானது. கதவைத் திறந்து, வெளியே இறங்கி, படி வழியாக ரோடு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் மேடம் திரும்பினார். தரையில் மஞ்சள் கோடு போட்டு, இனி அங்கே எதுவும் வைப்பதில்லை என்று போட்டோவோடு எழுதி அனுப்பச் சொன்னார். பதினைந்து நாள் தவணை. பாஸ் என்றும் சொல்லவில்லை, ஃபெயில் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது பூங்கொடியிடம் மட்டும் பேசினார். "கேக்கதுக்கு முன்னால தொறந்து காட்டுதவங்களை நான் நம்புவேன். அந்தக் காரை யார்ட்ட வேணும்னாலும் விடுங்க. ஆனா தொறந்து பாத்தீங்களான்னு கேளுங்க. காட்டாம சொல்லுதவன் பேச்சைக் கேக்காதீய."

மறுநாள் காலை பூங்கொடியோடு புளியமரத்தடிக்குப் போய், மூட்டைகளை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பட்டனை அழுத்தினேன். வண்டி எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பியது! "பாத்தியா, தானா சரியாயிருச்சு" என்றேன். பூங்கொடி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "சர்வீசுக்கு உடுங்க" என்றாள்.

முதலில் போனது நான் தேர்ந்தெடுத்த இடம். எல்லாக் கம்பெனிக் காரையும் பார்ப்பார்களாம். கண்ணாடிச் சுவர், ஏ.சி., சோபா. உட்கார்ந்ததும் பில்டர் காபியும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. இவ்வளவு நல்ல காபி கொடுப்பவர்கள் கெட்டவர்களாக இருக்க முடியுமா? டை கட்டிய ஒருவர் ஒரு சின்னக் கருவியை வண்டியில் சொருகினார், இரண்டு நிமிடத்தில் எடுத்தார், முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வந்தார்.

"சாரி சார். ஹைபிரிட் பேட்டரி மொத்தமும் போயிருச்சு. மாத்தித்தான் ஆகணும்."

அவர் சொன்ன விலைக்கு நான் அந்தக் காரையே இன்னொன்று வாங்கிவிடலாம். ஆனால் பிஸ்கட் தின்ற கையோடு எப்படி மறுப்பது என்று பேனாவை எடுத்துவிட்டேன். பூங்கொடி குறுக்கே கேட்டாள்.

"தொறந்து பாத்தீங்ளா?"

"தேவையில்லைங்க மேடம். மிஷினே சொல்லுது."

"அந்தப் பேட்டரி எங்க இருக்குதுன்னு காட்டுங்க. ஒருக்கா பாத்துக்கறேன்."

"கஸ்டமர் உள்ள வரக் கூடாதுங்க. பாலிசி."

பூங்கொடி என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். நான் பாதி பிஸ்கட்டோடு பின்னாலேயே போனேன்.

அடுத்தது பல்லடத்தில் பட்டறை வைத்திருக்கும் துரை. என் பழைய ஸ்கூட்டர் காலத்திலிருந்து பழக்கம். பானெட்டைத் திறந்தவர் ஆரஞ்சு வயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சம்முகண்ணா, இது எனக்குத் தெரியாதுங்க. இந்த வயரைத் தொட்டா ஆளே காலி. அதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்தவங்கதான் தொடோணும். அவிநாசி ரோட்டுல கம்பெனி சர்வீசுல தேன்மொழின்னு ஒரு புள்ள இருக்குது. அதைக் கேட்டு உடுங்க."

தெரியாது என்று ஒரு வார்த்தை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

தேன்மொழிக்கு முப்பது வயது இருக்கும். நீல ஓவரால், முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை. நாங்கள் கேட்பதற்கு முன்பே, "உள்ளயே வாங்க, இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்றார். பூங்கொடியின் முகம் அப்போதே மலர்ந்துவிட்டது.

"பேட்டரி பானெட்டுக்குள்ளதானுங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பின் சீட்டுக்கு அடியில" என்றார் தேன்மொழி. சீட்டுக்குப் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் மாதிரி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இது வழியாத்தான் காத்து உள்ள போயி பேட்டரியைக் குளுமையா வைக்கோணும். இந்த எடத்துல எதாவது வச்சு அடைச்சீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். பூங்கொடி என்னைப் பார்த்தாள். தேன்மொழி புரிந்துகொண்டார்.

அந்த மூடியைக் கழற்றி உள்ளிருந்த வலையை உருவினார். வலையே தெரியவில்லை. விரல் தடிமனுக்குப் பஞ்சு, கம்பளி மாதிரி படிந்திருந்தது. அவர் அதை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே வெள்ளை, அதற்கடியில் ரோஸ், அதற்கடியில் ஊதா.

"எங்க ஊடு சாமளாபுரமுங்க. தறிச் சத்தத்துலயே பொறந்தவ. பஞ்சு எனக்குத் தெரியாதுங்ளா?" என்று சிரித்தார். "ரோஸு கலர் எப்பத் தச்சீங்க?"

"தை மாசம். பொம்பளப் புள்ளைக டி-சர்ட்" என்றாள் பூங்கொடி. "ஊதா, தீவாளி ஆர்டர்."

என் யூனிட்டின் அரை வருட உற்பத்தி முழுவதும் வரிசை தவறாமல் அந்தக் காருக்குள் இருந்தது. பாவம், வெயிலில் மூட்டையும் பஞ்சும் சேர்ந்து மூச்சை அடைக்க, அது எவ்வளவு நேரம்தான் தாங்கும்? மரத்தடியில் ஒரு ராத்திரி ஆறியதும் மறுபடி கிளம்பியிருக்கிறது.

தேன்மொழி அத்தோடு விடவில்லை. பேட்டரியின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, திரையில் வரும் எண்களைப் பூங்கொடிக்குக் காட்டி விளக்கினார். மதியம் வரை ஆனது. பிறகு சொன்னார்: "இன்னைக்குப் பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சூடு பட்டிருக்குது, ஒரேடியா நல்லாருக்குதுன்னு நான் சொல்லமாட்டேன். ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, மறுக்கா அளந்து பாக்கலாம்." வலையைக் கழுவிப் போட்டதற்கும் சோதித்ததற்கும் வந்த பில்லைப் பார்த்து நான் மறுபக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். காபி கிடையாது. தண்ணீர் கேன் இருந்தது, டம்ளரை நாங்களே கழுவிக் குடித்தோம்.

ஒரு மாதம் கழித்துப் போனோம். அளந்தார், நன்றாக இருக்கிறது என்றார். அதிலிருந்து இந்த மூன்று வருடமாக அவரைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியைத் தொட்டதில்லை. மூட்டைக்கு மறுபடி ஆட்டோ வந்துவிட்டது. மஞ்சள் கோடு போட்ட போட்டோவை அனுப்பிய பத்தாம் நாள் ஆர்டரும் வந்தது. அந்தக் கோழி வண்டி டிரைவரைத் தேடிப் பிடித்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டி-சர்ட் எங்களுடையதுதான். அவர் முதலில் மறுப்பார், பிறகு வாங்கிக்கொண்டு பதிலுக்கு முட்டை கொடுத்து அனுப்புவார்.

அன்றைக்கு வண்டி நிற்காமல் ஓடியிருந்தால் நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன். பின்வாசலிலும் மூட்டை இருந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் ஜெபராணி மேடத்தையும் தேன்மொழியையும் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. தயிர் புளித்துவிட்டது என்று நான் சொன்னால், "தொறந்து பாத்தீங்ளா?" என்பாள் பூங்கொடி. கல்லூரி போகும் மகள் பாஸாகிவிடுவேன் என்றால் நானும் அதையே கேட்பேன். போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எடுத்துரலாம்" என்று ஊசியை எடுத்தார். பூங்கொடி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டாக்டருங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்து எனக்கும் காட்டுங்க" என்றாள். நல்ல டாக்டர், கோபப்படவில்லை. எடுத்தார், பார்த்தார், ஊசியைக் கீழே வைத்தார்.

"இது இல்லீங்க, பக்கத்துப் பல்லு. அடைச்சாவே போதும்" என்றார்.

எடுக்க இருந்த பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. நேற்று அதால்தான் முறுக்குக் கடித்தேன்.